இரண்டு கைக்கும் பொது

சுண்டுவிரலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். இது நாச்சிமுத்து சொல்லித்தந்த விதி இல்லை, இந்திராணி தானே பட்டுத் தெரிந்துகொண்ட விதி. மோதிரவிரலைக்கூட எப்படியோ மடக்கிச் சமாளித்துவிடலாம், சுண்டுவிரல் ஒரு கணம் அசந்து படுத்தால் போச்சு. இந்தக் கறுப்பு மவுஸ் சனியனுக்கு வலது விலாவில் இரண்டு பொத்தான், இடது விலாவில் இரண்டு பொத்தான், வயிற்றுக்குள் பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி எரிகிற விளக்கு வேறு, மாரியம்மன் கோயில் நோம்பிக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி. இடது பக்கத்துப் பொத்தான்கள் செத்தவை, அமுக்கினால் ஒன்றும் ஆகாது. வலது பக்கத்துக்குத்தான் உயிர். லேசாகப் பட்டாலே டிக், கடைசியாகப் போட்ட கோடு அழியும், இன்னொரு டிக், அதற்கு முந்தைய கோடு. மகள் தாரிணிதான் அப்படி செட் பண்ணி வைத்தாள், அவள் அப்பா நாச்சிமுத்துவின் இடது கைக் கட்டைவிரல் வந்து உட்காருவதற்காக. அந்தக் கட்டைவிரல் இன்றுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வந்து உட்கார்ந்து மாட்டிக்கொண்டது எல்லாம் இந்திராணியின் விரல்கள்தான், வலது கைக்காரியின் விரல்கள், அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாத விரல்கள். இரண்டு கைக்கும் பொதுவான மவுஸாம். மாப்பிள்ளை வீட்டிலும் நல்ல பேர், பெண் வீட்டிலும் நல்ல பேர் என்று நடுவில் நின்று சிரிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறாள், கடைசியில் அவர்களால் இரண்டு வீட்டுக்கும் உபகாரம் கிடையாது, அந்த ஜாதிதான் இது. உள்ளங்கைக்கு ஒரு பள்ளம் கிடையாது, கட்டைவிரலுக்கு ஒரு சாய்வு கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வழவழ. அவள் முக்காலியைத் தரையில் ஒட்டிய சிவப்பு டேப்புக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டேப்பைத் தாண்டினால் கேமராவில் தோள் தெரியும். தெரியக்கூடாது. கம்ப்யூட்டருக்கு மேலே ஒற்றைக் கண் மாதிரி கேமரா, அதற்கு எதிரே நாற்காலியில் நாச்சிமுத்து, இஸ்திரி போட்ட சட்டை, கீழே வேட்டி, மடியில் ஒரு துண்டு, துண்டுக்கு மேல் அவருடைய வலது கை. அவருக்கு வலப்பக்கம், சுவரோடு சுவராக, இந்திராணி, அவளுடைய வலது கை மட்டும் மேஜைமேல். திரையில் மீட்டிங் திறந்தது. "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்றார் நாச்சிமுத்து, மகளை விடக் கொஞ்சம் பெரியவளாக இருக்கும் மேலதிகாரியிடம், குழைந்து.

அந்தக் குரலை அவளிடம் ஒரு நாளும் காட்டியதில்லை. கல்யாணம் ஆன புதிதில்கூட இல்லை. "நிவேதிதா மேடம், ஸ்க்ரீன் தெரியுதுங்ளா?" தெரிகிறதாம். டிராயிங்கைப் பார்த்து இரும்பை வார்க்கிற தங்கவேலும் வந்துவிட்டார், ஃபவுண்டரியிலிருந்து பேசுகிறார், பின்னால் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை நாச்சிமுத்துவுக்கு, தண்ணீர் சுழன்று வெளியேறுகிற சக்கரம், அதைச் சுற்றிய கேசிங் என்கிற கூடு, இதைத்தான் இத்தனை வருஷமாக வரைகிறார், கோயமுத்தூரில் வரையாதவர்கள் யார் என்று அவள் கேலி செய்த காலம் ஒன்று உண்டு. இன்றைக்குப் புது மாடலின் டிராயிங்கில் மேடம் சொன்ன திருத்தங்களை எல்லோர் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். செய்து முடித்துக் காட்டினால் போதாதாம், செய்யும்போதே பார்ப்பாளாம். ஏன் பார்க்க வேண்டும்? சந்தேகம் வந்துவிட்டதா? வந்திருக்கும். போன வாரம் அனுப்பிய ஷீட்டில் ஒரு அம்புக்குறி தலைகீழாகப் போயிருந்தது, அவள் போட்ட அம்புக்குறி, சுண்டுவிரல் செய்த வேலை. நாச்சிமுத்துவின் முழங்கால் அவள் முழங்காலை இடித்தது, ஆரம்பி என்று அர்த்தம். வண்டிமாட்டைத் தார்க்குச்சியால் குத்துகிறதுபோல ஒரு இடி. அவள் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள், படம் பெரிதாயிற்று. "இப்ப நான் கேசிங் கிட்டப் போறனுங்க" என்றார் அவர். நான் போகிறேன். நான். அவள் போனாள்.

முதலில் விழுந்தது கை இல்லை, மவுஸ். பழைய மவுஸ், கம்பெனி கொடுத்தது, சாம்பல் நிறம், வலது கைக்கென்றே ஒரு பக்கம் சாய்ந்து வளைந்த நல்ல மவுஸ். வாதம் வந்த அன்றைக்குக் காலையில் டிபனுக்கு முன்னாடி ஏதோ பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவர் கையிலிருந்து அது நழுவித் தரையில் விழுந்து சக்கரம் தனியாக உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. "டேபிள்ல எண்ணெய்க் கைய வெச்சயா?" என்று கத்தினார். சமையலறையிலிருந்து அவள் கத்தினாள், "நான் எதுக்கு உங்க டேபிளுக்கு வர்றேன்." "அப்பறம் எப்படி வழுக்குது, வந்து தொடச்சுக் குடு." அவள் வந்தாள். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாத மேஜையை, வாய்க்குள் திட்டிக்கொண்டே, ஓரம் ஓரமாகத் துடைத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏறிட்டுப் பார்த்திருந்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது அப்போதே தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போயிருக்கலாம், டாக்டர் கேட்டார், எப்பத்திலிருந்து இப்படி என்று, அவள் என்ன சொல்வாள், டேபிள் துடைத்துக்கொண்டிருந்தேன் என்றா. அவர்தானே துடைக்கச் சொன்னது. தன் பாதி உடம்பு போய்க்கொண்டிருக்கும்போதும் அந்த மனுஷனுக்குத் தோன்றியது பெண்டாட்டியின் எண்ணெய்க் கை. வாய் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்கிறது. கை திரும்பவில்லை. துண்டின்மேல் இப்போது கிடக்கிறதே, யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன பை மாதிரி, அது. இன்றைக்குக் காலையில் தைலம் போட்டுத் தேய்த்தாளே, அந்த வாடை இப்போது அவள் கையிலிருந்து மவுஸுக்கும் ஏறிவிட்டது. கம்பெனிக்கு முதுகுத் தண்டு தேய்மானம் என்று சொல்லியாயிற்று, வீட்டிலிருந்தே வேலை என்று அனுமதி வாங்கியாயிற்று. உண்மையைச் சொன்னால்? ஸ்டோர்ஸ் கிருஷ்ணமூர்த்திக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதும் என்ன செய்தார்கள், உடம்பைப் பார்த்துக்குங்க என்று ஆளுக்கு ஆள் அன்பாகச் சொல்லி, ஒரு மேடை போட்டு, ஒரு பொன்னாடை போர்த்தி, வீட்டுக்கு வண்டி வைத்து அனுப்பிவிட்டார்கள். பொன்னாடைக்கு நாச்சிமுத்து பயப்படுகிற மாதிரி எமனுக்குக்கூடப் பயப்படமாட்டார்.

"சார், அந்த ரிப் கொஞ்சம் தடிமனா இருக்கு" என்றது திரை. "ஆமாங்க மேடம், இப்பக் கொறச்சிடறேன்." முழங்கால் இடித்தது. அவள் கூட்டைத் தாங்குகிற அந்த விலா எலும்புக் கோட்டின்மேல் போய் நின்றாள், பிடித்தாள், சுண்டுவிரல் மேலே, பிடித்ததை உள்ளே தள்ளினாள், சுண்டுவிரல் மேலே. கான்வென்ட்டில் சிஸ்டர் ஹில்டா இந்த விரலைத்தான் அடித்தாள். எழுதும்போது சுண்டுவிரல் தூக்கிக்கொண்டு நிற்கும் இந்திராணிக்கு, பிறவிப் பழக்கம், யாரும் சொல்லித்தரவில்லை. சிஸ்டர் பின்னால் வந்து நிற்பது சத்தமே கேட்காது, அந்த வெள்ளை அங்கிக்குள் கால்கள் இருக்கின்றனவா என்றே சந்தேகம், ஸ்கேலின் விளிம்பு மட்டும் விரல்மேல் இறங்கும். ராஜகுமாரியா நீ, டீ பார்ட்டிக்கு வந்திருக்கியா, கீழே போடு விரலை. இங்கிலீஷில் சொல்லுவாள், வலி தமிழில்தான் இருந்தது. ஒரு வருஷம் முழுக்க அடித்து அந்த விரலைப் படுக்க வைத்தாள் சிஸ்டர். படுத்த விரல் முப்பத்தைந்து வருஷம் படுத்தே கிடந்தது, கோலம் போடும்போது, கையெழுத்துப் போடும்போது, மாவு பிசையும்போது, ஒழுங்காக, அடக்கமாக. இப்போது இந்தக் கறுப்புப் பிசாசுக்காக அதைத் திரும்ப எழுப்ப வேண்டியிருக்கிறது. எழும்ப மாட்டேன் என்கிறது. எழுப்பினால் மணிக்கட்டுவரை இழுக்கிறது, ராத்திரி தூக்கத்தில்கூட அந்த நரம்பு துடிக்கிறது. சிஸ்டர் செத்துப்போயிருப்பாள். இல்லை, அந்த மாதிரி ஆட்கள் சீக்கிரம் சாவதில்லை, எங்கேயோ ஒரு மடத்தில் கஞ்சி உப்பாக இருக்கிறது என்று யாரையோ திட்டிக்கொண்டிருப்பாள். வந்து பாரும் சிஸ்டர், வந்து பாரும், ஒரு குடும்பத்தின் சோறு இன்றைக்கு இந்த விரல் தூக்கிக்கொண்டு நிற்பதில்தான் நிற்கிறது.

நானூறு ரூபாய்க்குச் சாதாரண மவுஸ் கிடைக்கும். தெருமுனை ஜெராக்ஸ் கடையிலேயே தொங்குகிறது. அவள் ஒரு தடவை கேட்டாள். "எனக்கு வலது கைக்கு ஒண்ணு வாங்கிக்கறேன்." நாச்சிமுத்து உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு. நான் பழகிட்டா இதுதான் வேணும்." சரி, அந்த வலது பக்கப் பொத்தான்களையாவது அணைத்துவிடலாமே, தாரிணியிடம் சொன்னால் பெங்களூரிலிருந்தே அணைத்துவிடுவாள். "அதை எதுக்கு அணைக்கறது? எனக்கு வேணும்." நாளைக்குப் பழகுவார். நாளைக்கு. அந்த நாளைக்கு வந்தபாடில்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, அதால் ஃபேன் போடுகிறார், அதால் கொசு அடிக்கிறார், அதால் டிவி ரிமோட்டை யாரும் பிடுங்க முடியாதபடி பிடித்துக்கொள்கிறார். ஆனால் சாப்பிடமாட்டார். இடது கையில் சோறா. தட்டுக்கு முன்னால் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார், அவள் பிசைந்து ஊட்டும்வரை. ஸ்பூன் வைத்துப் பார்த்தாள். பிசியோதெரபி பையன் நயமாகச் சொல்லிப் பார்த்தான், "சார், லெஃப்ட் ஹேண்டும் உங்க ஹேண்ட்தானுங்க." அதற்கு நாச்சிமுத்து, "தம்பி, அது எதுக்குன்னு உங்க வீட்ல சொல்லித்தரலையா?" கடைக்காரன் இடது கையால் சில்லறை கொடுத்தால் வாங்காமல் நின்றவர். தாரிணி கைக்குழந்தையாக இருந்தபோது பிஸ்கெட்டுக்கு இடது கையை நீட்டினால் நீட்டின கையைத் தட்டிவிட்டு அடுத்த கையில் கொடுத்தவர். டிராயிங் அவருக்குப் பூஜை மாதிரி, இடது கையால் தொட மாட்டார், அவ்வளவுதான் விஷயம், அதை வாய்திறந்து சொல்ல வெட்கம், பழக வரலை என்கிறார். ஆனால் இந்திராணியும் அப்புறம் அந்த நானூறு ரூபாய் மவுஸைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இங்கே, இந்த முக்காலியில், சக்கரத்தை உருட்டிக்கொண்டு, நினைத்துப் பார்க்கிறாள். வலது கைக்கென்று ஒன்று வாங்கி வைத்துவிட்டால் அது அவளுடையது ஆகிவிடும். அவள் வேலை ஆகிவிடும். அடுப்பு எப்படி அவளுடையது ஆயிற்று, யாரும் எழுதிக் கொடுத்தார்களா, ஒரு நாள் போய் நின்றாள், நின்றது நின்றதுதான். இந்த மவுஸ் நோகடிக்கிறவரைக்கும் இது இரவல். கை வலிக்கிறவரைக்கும் இது வேறு யாருக்கோ வாங்கினது.

டிக். ஐயோ. மோதிரவிரலா, சுண்டுவிரலா, எது என்று தெரிவதற்குள் இன்னொரு டிக். குறைத்த ரிப் திரும்பத் தடித்தது, அதற்கு முன்னால் வைத்த துளை காணாமல் போயிற்று. ஃபவுண்டரியில் இரும்படிச் சத்தம்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. "சார், திரும்பப் பழையபடி ஆயிடுச்சே?" என்றாள் நிவேதிதா. "ஆமாங்க மேடம், பழையது புதுசு ரெண்டையும் உங்களுக்கு ஒப்பிட்டுக் காட்டலாம்னுட்டு" என்றார் நாச்சிமுத்து, கண் இமைக்காமல். பொய் சொல்வதில் அப்படி ஒரு நிதானம். பிறகு இடது கையை நீட்டி மைக்கை அணைத்தார், உதடு அசையாமல், திரையைப் பார்த்துச் சிரித்தபடியே, பல்லுக்குள் பேசினார். "கான்வென்ட்ல இதுதான் படிச்சயா." அவளும் மானிட்டரைப் பார்த்தபடியே சொன்னாள், "அங்க எலி பிடிக்கச் சொல்லித்தரலைங்க." "வெரலத் தூக்கு." "தூக்கித்தான் வெச்சிருக்கேன். நீங்க முழங்காலால இடிக்காம இருந்தாப் போதும்." "இடிக்கலைன்னா நீ தூங்கிருவ." "தூங்கினாத்தான் என்ன, கும்பிட்டு எழுப்பற ஆளா நீங்க." மைக் திரும்பத் திறந்தது, "சாரிங்க மேடம், ஒரு இருமல்." அவள் தொலைந்த துளையை மறுபடி வைத்தாள், ரிப்பை மறுபடி இளைக்க வைத்தாள். கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்தது. அதுதான் பயமாக இருந்தது. முதல் நாள் எது கோடு எது நிழல் என்று தெரியாது. இப்போது அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்பு அங்கே போய் நிற்கிறது, ரிப் என்றால் எது, பம்ப்பின் வாய் என்றால் எது, அதன் உதட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் துளை இருக்க வேண்டும் என்று கையே சொல்கிறது. பள்ளியில் ஜியோமெட்ரியில் அவள்தான் முதல். அந்தப் பள்ளியிலேயே கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், புடவைக்குப் பின் குத்திக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "வீட்ல யார் இருக்கறது" என்றார் நாச்சிமுத்து, தலையைத் தூக்காமல், அப்போதும் இப்படி ஏதோ ஒரு பம்ப்பை வரைந்துகொண்டு. அன்றைக்கு அந்தப் பம்ப்பை அவள் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. இன்றைக்கு அவருக்காக அதையே வரைகிறாள்.

அவருடைய இந்த இடது கையும் போய்விட்டால் என்ன செய்வாள். திடீரென்று அந்த நினைப்பு வந்து குறுக்கே நின்றது, ரோட்டில் மாடு நிற்கிற மாதிரி. டாக்டர் சொன்னார், ஒரு தடவை வந்த வாதம் இன்னொரு தடவை வரலாம். வாயும் போய், பேச்சும் போய், தலை மட்டும் உள்ளே பம்ப் பம்ப்பாக வரைந்துகொண்டு கிடந்தால். ராத்திரியில் அவர் மூச்சு ஒரு கணம் நின்றால் இவளுக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கோபத்தோடு வருகிறது, செத்துத் தொலையாதே என்று திட்டுகிற மாதிரியான கோபம். அதற்குப் பெயர் பாசம் என்று அவள் தங்கை சொல்லுவாள், தங்கைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு இனிப்பான பெயர் உண்டு. இது பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, கணக்கு முடியாமல் எதிராளி எழுந்துபோகக்கூடாது என்கிற வீம்பு. அவர் சம்பளம் நின்றால் தாரிணியிடம் கை நீட்ட வேண்டும், அந்தப் பெண் ராத்திரியெல்லாம் முகம் தெரியாதவர்களோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கி சுட்டு விளையாடுகிறாள், இந்த மவுஸே அவள் கண்டுபிடித்ததுதான், "லெஃப்ட் ஹேண்டுக்குன்னு தனியாக் கெடைக்கலைம்மா, கேமிங்ல மட்டும்தான் ரெண்டு பக்கமும் பட்டன் வருது." விளையாட்டுச் சாமானை வைத்துப் பிழைப்பு நடக்கிறது. முழங்கால் இடித்தது. அவள் திருப்பி இடித்தாள், பலமாக. நாச்சிமுத்துவின் முகம் திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் துளிக் கோணிற்று, பேச்சு நிற்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லியே ஆகோணும்" என்றார் தங்கவேல், இரும்புச் சத்தத்துக்கு மேலே. "அந்த வளைவப் பாருங்க மேடம். இந்த மாதிரி சுத்தமா எங்க ஆளுங்க யாரும் போட மாட்டாங்க. முதுகு வலியோட இப்படீன்னா பாத்துக்குங்க. முன்னைக்கு இப்ப கை இன்னும் சுத்தமாயிடுச்சு. அண்ணன் கை அண்ணன் கைதான்." அந்த வளைவு. நேற்று மத்தியானம் முழுக்க அவள் போட்டு, அழித்து, போட்டு, அவர் "சோறு பொங்கற மாதிரி இருக்கு" என்று சொன்ன வளைவு. தட்டில் குழம்பு காய, சுண்டுவிரல் மரத்துப்போக, கடைசியில் வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல் அவர் தலையை மட்டும் ஆட்டிய வளைவு. இந்திராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்கு? அவர் என்ன சொல்லிவிட முடியும்? அது நான் இல்லை தங்கவேலு என்றா. தெரியும், சொல்ல முடியாது, சொன்னால் பொன்னாடை. ஆனாலும் ஒரு சின்னத் தயக்கம், தொண்டையில் ஒரு செருமல், முழங்காலில் இடிக்காத ஒரு தொடுதல், அவ்வளவு இருந்தால் போதும். நாச்சிமுத்து சிரித்தார், அந்தச் சிரிப்பு சின்னக் கட்டம் முழுக்க நிறைந்தது. "முப்பது வருசப் பழக்கம் தங்கவேலு. கண்ண மூடிட்டே வரும்." மடியிலிருந்து கையை எடுத்தார். பெருமை வந்தால் அவருக்குக் கை வேண்டும், பேசும்போது இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டு பேசுவது அவருடைய தோரணை, பிசியோதெரபி பையனும் அதையே பயிற்சியாக்கிவிட்டான், நல்ல கையால் கெட்ட கையைப் பிடித்துத் தூக்குங்க சார் என்று. இடது கை போய் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிற்று, விரல்களைக் கோத்துக்கொண்டது, இரண்டும் சேர்ந்து எழுந்து மோவாய்க்குக் கீழே வந்து நின்றன. இரண்டும். கேமராவுக்கு முன்னால். அந்த நேரத்தில் இந்திராணி வளைவின் அடுத்த முனைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கோடு ஒன்று இழுத்தாள், பாதி இழுத்துவிட்டாள், அப்போதுதான் மூலைக் கட்டத்தில் அந்தக் கைகளைப் பார்த்தாள். கோடு நின்றது.

தங்கவேல் தன் பக்கத்தில் யாரையோ அதட்டினார், அதட்டல் பாதியில் தேய்ந்தது. பிறகு நிவேதிதா, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற மாதிரி கேட்டாள். "சார், உங்க ரெண்டு கையும் எனக்குத் தெரியுது." நாச்சிமுத்து தன் கைகளைக் குனிந்து பார்த்தார், அவை அங்கே எப்படி வந்தன என்று அவருக்கே தெரியாத மாதிரி. "நெட் கொஞ்சம் லேட்டா வருதுங்க மேடம்" என்றார். "முன்னாடி போட்ட கோடு இப்பத்தான் உங்களுக்குத் தெரியுது." அந்த நிதானம் இப்போது இல்லை, நெற்றியில் வேர்த்திருந்தது. கண்கள் மட்டும், தலை திரும்பாமல், கடைக்கோடியில் இவள் பக்கம் வந்தன. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கையை எடு, இல்லை, கோட்டை முடி, இல்லை, ஏதாவது செய், எதையாவது நீ செய்து என்னைக் காப்பாற்று, ஆனால் யாருக்கும் தெரியாமல் செய். டேபிள்ல எண்ணெய்க் கைய வெச்சயா என்று கேட்ட அதே பார்வை. வந்து தொடச்சுக் குடு. இந்திராணி எழுந்துபோய்விடலாம். சமையலறையில் பால் காய வைக்க வேண்டும். எழுந்தால் நிழல் விழும், அதுவும் தெரியும். இல்லை, டேப்பைத் தாண்டி முகத்தை நீட்டி, நான்தான் மேடம், இந்த வளைவு நான் போட்டது என்று சொல்லலாம், சொன்னால் நாக்குக்கு ஒரு நிமிஷம் தித்திக்கும், அப்புறம் பொன்னாடையை மடித்து பீரோவில் வைக்கப் போகிறவளும் அவள்தான். கோட்டை முடித்துவிடலாம், நெட் லேட்டு என்பதை மெய்யாக்கிவிடலாம், அப்புறம் இன்னொரு மீட்டிங், இன்னொரு இடி, வலது கைக்கு நானூறு ரூபாயில் ஒரு மவுஸ். அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்காமல், அதை அப்படியே நகர்த்தினாள், கீபோர்டுக்கு முன்னால், மேஜையின் விளிம்போடு, சுண்டுவிரல் தூக்கினபடியே. வயர் பின்னால் இழுபட்டு வந்தது. அவள் கை டேப்பைத் தாண்டிற்று, அவர் நெஞ்சுக்குக் கீழே ஊர்ந்து போயிற்று. மூலைக் கட்டத்தின் அடிவிளிம்பில் இரண்டு கண்ணாடி வளையல் ஒரு கணம் தெரிந்து மறைந்ததை அவளே பார்த்தாள். பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும். அவருடைய இடப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

மவுஸ் அங்கே பச்சையாக எரிந்தது, ஊதாவாக எரிந்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். தெருவில் கிடக்கும் யாருடையதோ செருப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "இந்து" என்றார், மைக்கை அணைக்காமலேயே, அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பெயரை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். முழங்கால் வரவில்லை. "சார்?" என்றாள் நிவேதிதா. கோத்த விரல்கள் பிரிந்தன. பிடி விட்டதும் வலது கை மடியில் விழுந்த சத்தம் அந்த அறையில் நன்றாகவே கேட்டது, மைக்குக்கும் கேட்டிருக்கும். இடது கை மட்டும் காற்றில் நின்றது, எங்கே இறங்குவது என்று தெரியாமல், பிஸ்கெட்டுக்கு நீட்டி அடிவாங்கிய கை மாதிரி. இறங்கிற்று. விரல்கள் மவுஸின் முதுகின்மேல் படிந்தன, கட்டைவிரல் வலது விலாவைத் தடவிக்கொண்டு போய் அந்த இரண்டு பொத்தான்களின்மேல் உட்கார்ந்தது, அளவெடுத்துத் தைத்த மாதிரி, இத்தனை நாள் இந்திராணியின் உயிரை வாங்கிய அதே இடத்தில். டிக். அவள் பாதியில் விட்டிருந்த கோடு அழிந்தது. தெரிந்து அழித்தாரா, கை பட்டு அழிந்ததா, அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அம்பு நடுங்கிற்று, முனையை விட்டுத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி தாண்டிற்று. "வெயிட் பண்றேன் சார்" என்றது திரை. இரக்கமா, மிரட்டலா, அந்த இரண்டு சொல்லை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் இந்திராணிக்குப் பிடிபடவில்லை. முனையைப் பிடித்துவிட்டார். ஒரு கோடு, குடிகாரன் நடக்கிற மாதிரி கோணிக் கோணி, வளைவை நோக்கிக் கிளம்பிற்று. அவளுக்கு வாய்வரை வந்தது, மெதுவாக, இன்னும் மெதுவாக, பிடித்ததை விடாமல் இழுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டாள். அவளுடைய கை மடியில் கிடந்தது, ஒரு வேலையும் இல்லாமல், தைல வாடையோடு. நான்கு விரல்கள் ஓய்ந்து படுத்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் தூக்கியே நின்றது.